அக்கா செத்துப்போகிற படம்

வியாழக்கிழமை பார்த்த படத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விமலேஸ்வரி ஒரு சொல் சொல்லவில்லை. ஊர் சொல்லிக் களைத்துவிட்டது. நெடுங்கேணிச் சந்தையில் மரக்கறி விற்கிறவன் சொன்னான், வவுனியா பஸ் கொண்டக்டர் சொன்னான், படமே பார்க்காத தபாற்காரர்கூட வேலியோரம் சைக்கிளை நிறுத்தி, "ரெண்டாம் பாதி கொஞ்சம் இழுவையாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லவேண்டியவள் மட்டும் கச்சான் செடியைப் பிடுங்குவதும் கடலையில் ஒட்டிய மண்ணை உதறுவதுமாகத் திரிந்தாள்.

அவளைச் சொல்லவேண்டியவளாக ஆக்கிவைத்தது தம்பி பிரதாபன்தான். கனடாவிலிருந்து வந்து, சொந்தமாக ஒரு படம் எடுத்து, வவுனியாவில் ஒரு தியேட்டரைக் காலைக் காட்சிக்குப் பிடித்து, ஊருக்கே பஸ்ஸும் விட்டிருந்தான். படம் தொடங்குமுன் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கழற்றியதற்கே கொஞ்சப் பேர் கைதட்டினார்கள்.

"இது என் அக்காவின் கதை. இந்தப் படத்துக்கு முதல் நீதிபதி அவாதான். அக்கா வேண்டாம் என்று சொன்னால், இந்தப் படம் உலகத்தில் இன்னொரு திரையில் ஓடாது. இது சத்தியம்."

மேடையில் செய்யப்படும் சத்தியங்களை வன்னியில் எவரும் பாரமாக எடுப்பதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுப் பழகிய காதுகள். ஆனால் விமலேஸ்வரிக்குத் தம்பியைத் தெரியும். சின்னனில் கோபத்தில் "எனக்குச் சோறு வேண்டாம்" என்று வாய்விட்டுவிட்டால் மயங்கி விழும்வரை சாப்பிடாத பிறவி அது. அவள் வேண்டாம் என்றால் உண்மையாகவே படத்தைக் குழிவெட்டிப் புதைத்துவிடுவான். இரண்டு வருடமாக வேலையையும் விட்டு அதோடேயே கிடந்தவன். நாளை இரவு அவனுக்கு விமானம். இன்று மத்தியானம் சாப்பிட வருகிறான். தீர்ப்பும் இன்றைக்குத்தான்.

படத்துக்கு அவன் வைத்த பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வாய் வெற்றிலையை மென்று துப்பிவிடலாம். அதனால் ஊர் அதற்கு 'அக்கா செத்துப்போற படம்' என்று பெயர் வைத்துவிட்டது. படத்தில் வெளிநாட்டுத் தம்பியாகப் பிரதாபனே வருகிறான், விமலா என்று ஒரு அக்கா வருகிறாள். கடைசி யுத்தத்தில், கொட்டும் மழையில், செல் விழுந்து செத்துப்போகிறாள். அவள் சாய்ந்த கணத்தில் இருட்டு மண்டபத்திலிருந்த தலைகளெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி, நடுவரிசையில் உயிரோடு இருந்த விமலேஸ்வரியைப் பார்த்தன. அந்த நேரத்தில் எந்த முகத்தைக் காட்டுவது என்று எவரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

மாசிப் பனி ஈரம் இன்னும் காயாத காலை. வளவின் பின்புறம் பாலைமரத்தின் கீழ் கச்சான் செடிகள் இடுப்பளவு குவிந்து கிடந்தன. இரவுகளில் பன்றி புகுந்து கிண்டியது போக மிஞ்சியதை முந்தநாள் பிடுங்கி முடித்திருந்தார்கள். இனிக் காய்களை ஆய்ந்து உரப்பையில் கட்டவேண்டும். கச்சான் ஆய்கிற வேலையில் கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற வாய்க்குப் படக்கதையை விட நல்ல தீனி ஏது?

"நான் உன்னை வற்புறுத்தேல்ல," என்றார் கணவர் ஏரம்பு. மூன்றாவது தடவையாக வற்புறுத்திக்கொண்டிருந்தார். "ஆனா கலையெண்டு வரேக்க ஒரு பொறுப்பு வேணும். 'படம் நல்லம் தம்பி' எண்டு ஒரு வசனம். சொன்னா வாய் நோகுமே?"

ஏரம்புவுக்குச் சினிமாவைப் பற்றிப் பேச உரித்து உண்டு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஜெனரேற்றர் ஓடவிட்டு, ஓலைக் கொட்டிலில் மினி சினிமா நடத்திய ஒருவருக்கு இவர் வாசற்காவல் நின்றவர். வாசலை விட்டு அசையக்கூடாது என்பதால் ஒரு படத்தையும் பார்த்ததில்லை, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அந்தப் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. தியேட்டரிலானாலும் வீட்டில் ரீவியிலானாலும் பத்தாவது நிமிடத்தில் கண் செருகிவிடும். விமர்சனம் மட்டும் தவறாது. போதாக்குறைக்குப் பிரதாபன் வேறு, "அடுத்த படத்தில அத்தானுக்கு ஊர்ப் பெரியவர் வேசம் ஒண்டு இருக்கு" என்று சொல்லித் தொலைத்திருந்தான். அன்று பின்னேரமே ஏரம்பு சந்தைக்குப் போய் மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்தார்.

"அப்பா, நீங்கள் இடைவேளைக்கு முதலே குறட்டை," என்றாள் மகள் லக்சிகா. வவுனியாவில் பல்கலைக்கழகம் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். "எனக்குத்தான் ஞாயம் சொல்லவேணும். மாமா அம்மாவைப் பற்றிப் படம் எடுக்கிறார், சரி. அதில நான் எங்க? அந்தக் காலம் நான் அஞ்சு வயசுப் பிள்ளை. அம்மாவின்ர இடுப்பை விட்டு இறங்கினதே இல்லையாம். படத்தில அக்காவுக்குப் பிள்ளையே இல்லை."

"செலவு மிச்சம் பிடிச்சிருப்பான்," என்றார் ஏரம்பு. "பிள்ளையளை வைச்சு எடுக்கிறது கரைச்சல். அழ வேண்டாம் எண்டா அழும், அழச் சொன்னாச் சிரிக்கும்."

எதிரே கால் நீட்டி இருந்து ஆய்ந்துகொண்டிருந்த வடிவம்மா சிரித்தாள். பக்கத்துக் காணிக்காரி. தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தப்பி வன்னிக்கு வந்தவர்கள். அவள் இங்கேயே வளர்ந்தும் பேச்சு மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. இந்தக் குடும்பத்தோடு கைமாற்றாகத்தான் வேலை. இன்றைக்கு இவர்களுடைய கச்சான், நாளைக்கு அவளுடையது.

"நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்கக்கா. நான் நல்லா அழுதேன். பக்கத்துல எல்லாம் அழுதாங்க, நானும் அழுதேன். ஆனா அந்தப் பங்கருக்குள்ள அந்தப் புள்ள கட்டியிருந்த சேலை இருக்கே, ஒரு கசங்கல் இல்ல. நம்ம பங்கருக்குள்ள இருந்தப்ப எப்படி இருந்தோம்? பேன் பாத்துக்கிட்டு இருந்தோம்."

"பேனைக் காட்டினா ஆர் பாக்கிறது?" என்றார் ஏரம்பு.

"அதுவும் சரிதாங்க. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கவேயில்ல. அந்தத் தம்பிக்காரன் வெளிநாட்டுல அக்காவுக்குப் படையல் போடுறான்ல? வாழையிலை, சோறு, மீன் கொழம்பு, எல்லாம் சரி. ஓரத்துல பால்மாவ ஒரு கரண்டி கொட்டி வைக்கிறானே, அது எதுக்கு? செத்தவங்களுக்கு யாராச்சும் வெறும் பால்மா படைப்பாங்களா?"

"அது குறியீடு அன்ரி," என்றாள் லக்சிகா. "வெள்ளை நிறம் சமாதானத்தைக் குறிக்குது."

"மண்ணாங்கட்டி," என்றார் ஏரம்பு. "அது விளம்பரம். ஏதோ பால்மாக் கொம்பனிக்காரன் காசு குடுத்திருப்பான்."

"நீங்கதான் தூங்கிட்டீங்களே?"

"கண்ணைத்தான் மூடியிருந்தனான்."

எல்லாரும் சிரித்தார்கள். விமலேஸ்வரி சிரிக்கவில்லை. கையிலிருந்த செடியில் கச்சான் முடிந்த பிறகும் வெறும் வேரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அந்தப் பால்மாதான் அவளை ஊமையாக்கியிருந்தது. தடைக் காலத்தில் பால்மா மருந்தை விட அருமை. அப்பாவின் நெஞ்சு வருத்தத்துக்கென்று சங்கக்கடையில் கெஞ்சி வாங்கிய பெட்டியை அம்மா அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவா. குமர்ப்பிள்ளை விமலேஸ்வரி, பூட்டை ஈர்க்கால் திறந்து ஒரு கரண்டி எடுத்து, தண்ணீர் விடாமல் அப்படியே வாயில் போட்டு, மேல்வாயில் ஒட்டவைத்து உறிஞ்சுவாள். உலகத்தில் அதைவிட ருசி கிடையாது. ஒருநாள் பிரதாபன் கண்டுவிட்டான். அவனுக்கும் ஒரு விரல் நக்கக் கொடுத்து வாயை அடைத்தாள். அம்மாவுக்குத் தெரியாது, கட்டின மனிசனுக்குத் தெரியாது. தம்பிக்கு மட்டும் தெரியும்.

படத்தில் மற்றதெல்லாம் படம் மாதிரித்தான் இருந்தது. மழை படத்து மழை, அழுகை படத்து அழுகை. அந்தப் படையல் மட்டும் அப்படி இல்லை. வாழையிலை குளிர்ப்பெட்டியில் கிடந்து ஓரம் கறுத்திருந்தது. யன்னலுக்கு வெளியே பனி கரைந்து சேறாகக் கிடந்தது. தம்பிக்காரன் சோற்றைப் போட்டுவிட்டு, கரண்டியில் பால்மா எடுத்து, கொஞ்சம் யோசித்து, இன்னும் அரைக் கரண்டி எடுத்தான். அந்த அரைக் கரண்டியை யாரும் கற்பனை செய்ய முடியாது என்று விமலேஸ்வரிக்குப் பட்டது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு அது. யாரோ செய்ததைப் பார்த்து எடுத்ததில்லை. செய்தவன் எடுத்தது.

அப்படியென்றால் யாருக்குச் செய்தான்?

கேட்கவும் பயம், கேட்காமல் 'படம் நல்லம்' என்று சொல்லவும் வாய் வரவில்லை. இதுதான் அவளுடைய மௌனம். ஊர் அதைக் கோபம் என்றது. ஏரம்பு அதைக் கலை அறிவின்மை என்றார்.

பன்னிரண்டு மணிக்கு வாடகை வான் படலைக்குள் நுழைந்தது. பிரதாபன் இறங்கினான். சாப்பிட வருகிறவன் பழம் கொண்டுவருவான், இவன் மூன்று கால் தண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அதை மாமரத்தின் கீழ் ஊன்றி, உச்சியில் போனைப் பொருத்தி, எதிரே ஒரு கதிரையைப் போட்டு, இரண்டு தரம் தள்ளிவைத்துப் பார்த்தான்.

"அக்கா, நீங்கள் இதில இருங்கோ. உங்கட தீர்ப்பை நான் பதிவு செய்யவேணும். நல்லதோ கெட்டதோ, வெட்டாமல் கொத்தாமல் போடுவன். பின்னால கச்சான் குவியல் தெரியட்டும். இயல்பா இருங்கோ."

"இயல்பா இருக்கிறதெண்டா நான் குசினியிலதான் நிக்கவேணும். குழம்பு அடிப்பிடிக்கப்போகுது."

"வெளிச்சம் மாறமுதல்…"

"வெய்யில் பொழுதுபடும்வரைக்கும் ஒரு இடமும் போகாது. நீ உள்ளுக்க வா. தேங்காய் துருவ ஆளில்லை."

"அக்கா, நான்…"

"கனடாவில கை மறந்துபோச்சோ?"

வெறுமையான கதிரையை ஏரம்பு கண்டார். மீசையை ஒருதரம் தடவிவிட்டார். "நீ போ தம்பி. நான் இதில இருந்து வெளிச்சத்தைப் பாத்துக்கொள்ளுறன்."

குசினிக்குள் விரால் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நேற்று குளத்தில் பிடித்தது, கொறுக்காய்ப் புளி விட்டுக் காய்ச்சியது. பக்கத்தில் கத்தரிக்காய்ப் பொரியல், சொதிக்குப் பச்சைமிளகாய் வெட்டிக் கிடந்தது. பிரதாபன் விலை உயர்ந்த காற்சட்டையோடு துருவலையில் குந்தினான். முதல் இரண்டு இழுவைக்குத் தேங்காய் வழுக்கியது. பிறகு கை தானாகவே பழசுக்கு வந்தது. நாற்பதைத் தாண்டிய மனிதன், வெள்ளைப் பூ மாதிரிக் கோப்பையில் தேங்காய் விழுவதைப் பார்த்துக்கொண்டே துருவினான். விமலேஸ்வரி அவன் பக்கம் திரும்பாமல் குழம்பைக் கிண்டினாள்.

"ஒண்டு கேப்பன். மேடையில கதைக்கிற மாதிரிக் கதைக்காமச் சொல்லு."

"கேளுங்கோ."

"எனக்கு எட்டுச் செலவு செய்தனியா?"

துருவல் நின்றது. வெளியே ஏரம்பு யாருக்கோ சினிமாவின் வரலாறு சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"எட்டும் செய்தனான்," என்றான் பிரதாபன். "முப்பத்தோராம் நாளும் செய்தனான்."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"கடைசிச் சண்டையில, சித்திரை பிறந்து கொஞ்ச நாள் அக்கா. ஒருத்தன் போன் கோல் எடுத்துச் சொன்னவன். கடற்கரைப் பக்கம் ஒரு பங்கருக்கு மேல விழுந்ததாம். தான் கண்ணால கண்டதெண்டு சொன்னவன். நீயும் பிள்ளையுமாம்."

"பிள்ளையுமோ?"

"ஓம்."

விமலேஸ்வரி முற்றத்தை எட்டிப் பார்த்தாள். லக்சிகா கச்சான் குவியலில் சாய்ந்தபடி போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தன்னை ஏன் படத்தில போடேல்ல எண்டு கேட்டுக்கொண்டு திரியிறாள்."

"அதை எடுக்க என்னால ஏலேல்ல," என்றான். "எழுதிப்போட்டுக் கிழிச்சனான். உன்னைச் சாக்காட்டிப்போட்டன். அதை ஏலேல்ல."

விமலேஸ்வரி கொள்ளியை இழுத்து அடுப்பைத் தணித்தாள். பிறகு அவள் கேட்டாள்.

"அத்தானுக்கு?"

"அத்தானைப் பற்றி அவன் ஒண்டும் சொல்லேல்ல. அதால அவருக்குச் செய்யேல்ல."

"அதை அவருக்குச் சொல்லிப்போடாதை. தன்னை விட்டிட்டியள் எண்டு கோவிப்பார்."

பிரதாபனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாகி, மூக்கைத் துடைத்துக்கொண்டான். கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூ கன்னத்தில் ஒட்டியது.

"ஆர் ஆர் வந்தவை?"

"ரெண்டு பேர். வேலைக்கு லீவு போட்டிட்டு வந்தவங்கள். ஒருத்தன் அரைநாள்தான் போட்டவன், படையலுக்கு முதலே போயிட்டான்."

"படத்தில இருநூறு பேர் நிண்டு குழறுகினம்."

"அது படம் அக்கா."

"சண்டை முடிஞ்சு எங்களை அடைச்சு வைச்சிருந்த காம்பிலயிருந்து நான் உனக்குக் கோல் எடுத்தன். விடிய வரிசையில நிண்டு பின்னேரம் போன் கையில கிடைச்சுது. 'தம்பி, நான் அக்கா கதைக்கிறன்' எண்டன். நீ டக்கெண்டு வைச்சிட்டாய். பின்னால நிண்ட சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டது. இத்தினை வருசத்தில நான் உன்னை அதைக் கேக்கேல்ல."

"பயந்திட்டன்."

"பேயெண்டோ?"

"இல்லை. உன்ர குரல்தானெண்டு உடன தெரிஞ்சுது. சந்தோசம் வரமுதல் பயம்தான் வந்தது. உயிரோட இருக்கிற ஆளுக்குச் செய்யக்கூடாததெல்லாம் செய்துபோட்டன். பெயரைச் சொல்லித் தண்ணியும் விட்டிட்டன். அதால உனக்கு ஏதும் ஆகிப்போகுமோ எண்டு… பிறகு ஒவ்வொருதரம் ஊரிலயிருந்து கோல் வரேக்கையும் அதே பயம். அதுதான் வரவும் இல்லை. உன்ர முகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்லுறது? 'அக்கா, உனக்கு எல்லாம் செய்து முடிச்சிட்டன்' எண்டோ?"

"ஓமடா, அப்பிடியே சொல்லியிருக்கலாம். ஒரு கோலில முடிஞ்சிருக்கும். அதை விட்டிட்டு ஆள் பிடிச்சு, உடுப்பு வாங்கி, மெசின் வைச்சு மழை பெய்யப்பண்ணி, ஊரையே பஸ்ஸில ஏத்திக்கொண்டுபோய் இருட்டில இருத்தியல்லோ சொல்லியிருக்கிறாய்."

அவனுடைய கறுப்புக் கண்ணாடி சட்டைப்பையிலிருந்து நழுவித் தேங்காய்த் தண்ணீருக்குள் விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

விமலேஸ்வரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. உயிரோடு இருந்த தன் பெயரைத் தண்ணீரில் கரைத்துவிட்டு வந்து கைகழுவியிருக்கிறான். பிறகு அவளுக்குப் பெயர் தெரியாத ஒரு ஊரில், வேலைக்குப் போகாமல், மீன் வாங்கி, சமைக்கத் தெரியாமல் சமைத்து, பால்மாவை ஒன்றரைக் கரண்டி அளந்து வைத்த ஒருவனை நினைத்தாள். அந்த நாட்களில் அவள் உயிரோடு இருந்தாள், பசியோடும் இருந்தாள். அந்தச் சோற்றை யார் தின்றார்களோ?

"படைச்சதை என்ன செய்தனீ?"

"காகமில்லை அங்க. வெளியில வைச்சன், ஒண்டும் வரேல்ல. கடைசியா நான்தான் சாப்பிட்டன்."

"பால்மாவையும்?"

"அதைத்தான் முதல்."

அவள் கோப்பை எடுத்துச் சோறு போட்டாள். குழம்பில் நடுத்துண்டாகப் பார்த்து இரண்டு வைத்தாள். துருவலையிலிருந்து எழும்பாமலே அவன் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

"வேண்டாமெண்டாச் சொல்லு அக்கா," என்றான். "மேடையில சொன்னது சும்மா இல்லை. அழிச்சுப்போட்டு விமானம் ஏறுவன்."

"தெரியும்."

"என்ன சொல்லுறாய்?"

"அந்தச் செத்துப்போற பெட்டை," என்றாள். "ஆர் அவள்?"

"முல்லைத்தீவுப் பிள்ளை ஒண்டு. முதல் படம்."

"மழைக்குள்ள செத்துக் கிடக்கிறாள். நீ படம் முழுக்க அழுது குழறி முடிச்சு, கடைசியில கனவில வந்து அவளை மடியில தூக்கி வைச்சிருக்கிறாய். எல்லாரும் உன்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தவை. நான் அவளைத்தான் பாத்தனான். அவள் மூச்சு விடுறாள்."

பிரதாபன் வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் நிமிர்ந்தான்.

"நெஞ்சு ஏறி இறங்குது. ரெண்டு தரம். நல்லா வடிவாத் தெரிஞ்சுது."

"அது… அண்டைக்கு மழைக்கெண்டு பவுசரில கொண்டுவந்த தண்ணி முடிஞ்சுபோச்சு அக்கா. திரும்ப எடுக்கேலாமப் போச்சு. குளிரில அந்தப் பிள்ளையால அடக்க முடியேல்ல. ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்." அவன் குரலில் பழைய இயக்குநர் அவசரமாகத் திரும்பி வந்தார். "கம்பியூட்டரில சரிக்கட்டலாம். கனடாவில போடமுதல் அதை எடுத்துவிடுறன். ஒரு நாள் வேலை, உண்மையா…"

"இஞ்சேர் விமலா!" மாமரத்தடியிலிருந்து ஏரம்பு கத்தினார். "தீர்ப்பு என்னெண்டு வந்து சொல்லன், கமரா ஓடிக்கொண்டிருக்கு!"

விமலேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. தம்பியின் கோப்பையில் சொதியை ஊற்றினாள்.

"போய் உலகமெல்லாம் போட்டுக் காட்டு. மழையைக் குறை, அழுகையைக் குறை, அது உன்ர விருப்பம். அந்த மூச்சில மட்டும் கை வையாதை. அவள் விடட்டும்."